கையெழுத்து இல்லாவிட்டால் யாரோ இரண்டு பேர்

வாள்வீச்சுப் படங்களில் ஒரு தொல்லை உண்டு. ஆளின் முகம் தெரியாது. கால்பந்தில் கோல் போட்டவர் வாயைப் பிளந்துகொண்டு ஓடுவார். நூறு மீட்டர் ஓடுகிறவர் கடைசிக் கோட்டில் பல்லைக் கடிப்பார். கேமரா வைத்திருப்பவருக்கு அது போதும். எங்கள் விளையாட்டில் ஆட்டம் நடக்கிற நேரம் முழுக்க முகத்துக்கு முன்னால் கம்பிவலைதான். வெள்ளை ஜாக்கெட், வெள்ளைக் கால்சட்டை, முழங்கால் வரை இழுத்துவிட்ட சாக்ஸ், தலையில் கறுப்பு மாஸ்க். பழகாத கண்ணுக்கு ஒரே ஆள் இரண்டு பக்கமும் நிற்பது போலத்தான் தெரியும்.

பெரிய போட்டிகளில் முதுகில் பெயரும் நாட்டின் மூன்றெழுத்தும் அச்சடித்திருப்பார்கள். இந்தியாவிலிருந்து ஒலிம்பிக் வாள்வீச்சுக்கு முதன்முதலில் தகுதி பெற்ற பவானி தேவி, 2021இல் நடந்த டோக்கியோ போட்டியில் ஆடிய படங்களைப் பார்த்தால் தெரியும். மாஸ்க்கைக் கழற்றிய பிறகு எடுத்தவற்றில்தான் அவர் முகம். மற்றவற்றில் முதுகைப் படித்துத்தான் யாரென்று சொல்ல வேண்டும்.

கிளப்பில் அந்த வசதியும் கிடையாது. ஜாக்கெட்டுகளில் பாதிக்கு மேல் கைமாறி வந்தவை. நேற்றுச் சேர்ந்த பையன், எப்போதோ ஆடிவிட்டுப் போன ஒருவரின் பெயரை முதுகில் சுமந்துகொண்டு நிற்பான். ஆனாலும் கிளப்காரர்களுக்கு ஆளை அடையாளம் காண்பது ஒரு பிரச்சினையே இல்லை. பின்னங்கால் குதிகால் தரையில் படாமல் நிற்பது இன்னார். ஒவ்வொரு டச்சுக்கும் பிறகு மாஸ்க்கை ஒரு தட்டுத் தட்டிக்கொள்வது இன்னார். ஒரு கால் சாக்ஸ் மட்டும் சரிந்து கணுக்காலில் கிடந்தால் அது நான். சந்தேகமே வேண்டாம்.

என் மேசைக்கு மேலே மாட்டியிருக்கும் படத்திலும் அந்தச் சாக்ஸ் சரிந்துதான் கிடக்கிறது.

படத்தின் இடப்பக்கம் என் நண்பன், வலப்பக்கம் நான். அவன் இடக்கையன், நான் வலக்கையன். அதனால் படத்துக்கு ஒரு யோகம் அடித்தது. இரண்டு வலக்கையர்கள் மோதும்போது எந்தப் பக்கம் நின்று எடுத்தாலும் ஒருவருக்கு மார்பும் மற்றவருக்கு முதுகும்தான் விழும். இடக்கையும் வலக்கையும் எதிரெதிரே நின்றால் இரண்டு மார்பும் ஒரே பக்கம் திரும்பியிருக்கும். அந்தப் பக்கம் நின்றவருக்கு இரண்டு பேரும் முழுசாகக் கிடைப்பார்கள்; எதிர்ப்பக்கம் நின்றவருக்கு இரண்டு முதுகு. எங்களை எடுத்தவன் தன் முறைக்காகச் சுவரோரம் உட்கார்ந்திருந்த ஜூனியர் பையன். போனில் எடுத்தது. சரியான பக்கத்தில் உட்கார்ந்திருந்தான், அவ்வளவுதான்.

அதில் நடப்பது இது. நண்பன் லஞ்ஜில், அதாவது முன்னங்காலை எட்டிவைத்துப் பாயும் நிலையில், முழு நீளத்துக்கும் நீண்டிருக்கிறான். வாள்முனை என் முன்கையில், கையுறை முடிகிற இடத்துக்குக் கொஞ்சம் மேலே குத்தி நிற்கிறது. பிளேடு வில்லாக வளைந்திருக்கிறது. என் கை பாதி வழியில் நிற்கிறது. தடுக்கவும் இல்லை, தாக்கவும் இல்லை. பின்னால் புள்ளி காட்டும் பெட்டியில் ஒரு விளக்கு எரிகிறது. அவனுடையது.

எப்பே, ஃபாயில், சேபர் என்ற மூன்று வாள் வகைகளில் நாங்கள் ஆடுவது எப்பே. உச்சந்தலையிலிருந்து கால்விரல் வரை எங்கே தொட்டாலும் புள்ளி. வாள்முனையில் ஒரு ஸ்பிரிங் இருக்கும். 750 கிராம் எடைக்கு மேல் அழுத்தம் விழுந்தால்தான் அது உள்ளே போய் விளக்கை எரியவைக்கும். ஒருவர் தொட்டதிலிருந்து சுமார் இருபத்தைந்தில் ஒரு பங்கு விநாடிக்குள் மற்றவரும் தொட்டுவிட்டால் இரண்டு விளக்கும் எரியும், இரண்டு பேருக்கும் புள்ளி. விளக்கு, யாராவது ரீசெட் செய்கிற வரை அணையாது. அதனால் படத்தில் எரியும் விளக்கை வைத்து எந்தக் கணம் என்று சொல்ல முடியாது. ஆனால் வளைந்த பிளேடு பொய் சொல்லாது. அது வளைந்து நிமிர்வதைக் கண்ணால் பிடிப்பதே கஷ்டம். அந்தப் பையனின் போன் பிடித்திருக்கிறது. என் விளக்கு எரியவில்லை என்பதையும் சேர்த்துத்தான்.

படத்தின் மேல்பக்கம் இருட்டான சுவர். அதன்மேல் வெள்ளி நிற மார்க்கரில் நண்பன் எழுதியிருக்கிறான்: "இந்தத் தடவையும் லேட்." அதற்குக் கீழே கையெழுத்து. கையெழுத்து என்றால் கிரிக்கெட் வீரர்கள் மட்டையில் கிறுக்குவார்களே, அந்த மாதிரி இல்லை. வங்கிப் படிவத்தில் போடுவது போல இனிஷியலோடு முழுப் பெயர், கடைசியில் ஒரு புள்ளி. வாழ்க்கையில் யாருக்கும் ஆட்டோகிராப் போட்டுப் பழக்கமில்லாத ஆள் வேறு எப்படிப் போடுவான்? மை காய்வதற்குள் கட்டைவிரலை வைத்துவிட்டதால் கடைசி எழுத்துக்கு ஒரு வால் முளைத்திருக்கிறது. சுத்தமாக இருந்திருந்தால் இந்த அளவுக்குப் பிடித்திருக்குமா, தெரியவில்லை.

பிரபலங்களின் கையெழுத்திட்ட படங்களைச் சேகரிப்பவர்கள் இருக்கிறார்கள். அங்கே ஒரு வேடிக்கையான கணக்கு உண்டு. வெறும் கையெழுத்து மட்டும் இருந்தால் நல்ல விலை. "அன்புள்ள இன்னாருக்கு" என்று பெயர் போட்டு எழுதியிருந்தால் பெரும்பாலும் விலை இறங்கிவிடும், ஏனென்றால் வாங்குகிறவர் அந்த இன்னார் இல்லை. கிளப் நண்பனின் படத்தில் கணக்கு தலைகீழ். வெறும் கையெழுத்தாக இருந்திருந்தால் நான் இவ்வளவு சிரத்தையாக மாட்டியிருக்கவே மாட்டேன். 'லேட்' என்ற அந்தச் சொல்தான் சரக்கே. அதை வாசித்துச் சிரிக்க உலகத்தில் இரண்டே பேர்தான் இருக்கிறோம். எடைக்குப் போட்டால்கூட யாரும் எடுக்கமாட்டார்கள்.

இனி, வாள்வீச்சு நட்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த விளையாட்டில் மரியாதைக்கு விதி உண்டு. ஆட்டம் தொடங்கும் முன் மாஸ்க்கைக் கழற்றி எதிராளிக்கும் நடுவருக்கும் பார்வையாளர்களுக்கும் வாளால் வணக்கம் சொல்ல வேண்டும். முடிந்ததும் மறுபடி வணக்கம், அப்புறம் கைகுலுக்கல். சும்மா சம்பிரதாயம் என்று நினைக்க வேண்டாம். 2023இல் மிலானில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில், உக்ரைனின் ஓல்ஹா கார்லான் ரஷ்யாவின் அன்னா ஸ்மிர்னோவாவை வென்ற பிறகு கைகொடுக்க மறுத்தார். வாளை மட்டும் நீட்டினார். ஸ்மிர்னோவா பிஸ்ட்டை, அதாவது ஆடுகளப் பட்டையை, விட்டு இறங்காமல் நாற்காலி போட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். கார்லானைத் தகுதிநீக்கம் செய்தார்கள். போர் நடக்கும்போது கைகுலுக்கலைக் கட்டாயப்படுத்துவதா என்று உலகமே பேசியது, விதியையும் பிறகு தளர்த்தினார்கள். அடுத்த ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் கார்லான் தனிநபர் பிரிவில் வெண்கலமும் அணிப் பிரிவில் தங்கமும் வாங்கினார். அவர் செய்தது சரி என்பதுதான் என் கட்சி. மனசு இல்லாத இடத்தில் கை மட்டும் குலுங்கி என்ன ஆகப்போகிறது?

எங்கள் கைகுலுக்கல் வேறு விதமான கூத்து. வாள் பிடிக்காத, கையுறை இல்லாத கையைத்தான் நீட்ட வேண்டும். எனக்கு அது இடக்கை. இடக்கையனான அவனுக்கு வலக்கை. ஒருவரின் இடக்கையும் மற்றவரின் வலக்கையும் சந்தித்தால் குலுக்கல் அமையாது. உள்ளங்கைகள் ஒன்றோடொன்று பொருந்தாது, கட்டைவிரல் போக இடம் தேடும். ஆரம்பத்தில் ஒவ்வொரு முறையும் தடுமாறினோம். அப்புறம் விரல்நுனிகளைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்துவிட்டு நகர்வது என்று தானாக ஆகிவிட்டது. வணக்கமும் கைகுலுக்கலும் விதியோடும் வழக்கத்தோடும் வந்தவை. அந்த இழுப்பை எந்த விதியும் கேட்கவில்லை. கையெழுத்தையும் கேட்கவில்லை.

விதிப்புத்தகம் நட்பை நம்புவதும் இல்லை. முதல் சுற்றில் வீரர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து எல்லோரையும் எல்லோருடனும் ஆடவைப்பார்கள். மூன்று நிமிடம், ஐந்து டச். ஒரே நாட்டைச் சேர்ந்த இருவர் ஒரே குழுவில் விழுந்துவிட்டால், மற்ற எல்லா ஆட்டத்துக்கும் முன்னால் அவர்கள் இருவரும் மோதிவிட வேண்டும். கிளப் அளவிலான போட்டிகளிலும் ஒரே கிளப்காரர்களை வேறு வேறு குழுக்களில் பிரித்துப் போடுவார்கள். முடியாவிட்டால் இதே முறைதான். காரணம் எளிது. கடைசியில் ஆடவிட்டால், எனக்கு இனிப் போனால் போகட்டும், நண்பன் மேலே போகட்டும் என்று ஒருவர் விட்டுக்கொடுத்துவிடலாம். யாருக்கு எத்தனை புள்ளி தேவை என்று தெரியாத நேரத்தில் மோதவிட்டால் விட்டுக்கொடுக்கக் காரணம் இருக்காது. நல்ல விதி. நட்பின் மீது இத்தனை சந்தேகம் எதற்கு என்று ஒரு காலத்தில் கோபப்பட்டிருக்கிறேன். இப்போது அந்த முதல் ஆட்டத்தை நினைத்தாலே ஒரு பரபரப்பு. உடம்பு இன்னும் சூடாகியிருக்காது, எதிரே நிற்பவனோ என் ஒவ்வொரு பழக்கத்தையும் அறிந்தவன்.

ஆம், கிளப் நண்பனோடு போட்டியில் மோதுவதைவிடக் கஷ்டம் எதுவும் இல்லை. நான் தாக்குவதற்கு முன் கை லேசாகத் தாழ்வது அவனுக்குத் தெரியும். அவன் பிளேடை இரண்டு முறை தட்டினால் மூன்றாவது தட்டு வராது, கால்விரலுக்குக் குறி வைக்கிறான் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும். இரண்டு பிளேடுகள் உரசும்போது விரல்களில் ஒரு செய்தி வரும்: பிடி இறுகியிருக்கிறதா, தளர்ந்திருக்கிறதா, தோள் சோர்ந்துவிட்டதா, வரும் வழியில் வீட்டில் சண்டையா. கடைசியாகச் சொன்னதை மிகைப்படுத்தல் என்று நினைப்பவர்கள், ஒரே ஆளோடு நெடுங்காலம் எப்பே ஆடிப் பார்க்கலாம்.

இத்தாலியில் யேசி என்று ஒரு சின்ன நகரம், சுமார் 40,000 பேர் வாழ்கிற ஊர். இரண்டாம் உலகப்போரில் கைதியாக இருந்த இடத்தில் வாள்வீச்சைக் கற்றுக்கொண்டு திரும்பிய எஸியோ த்ரிக்கோலி என்பவர் அங்கே ஆளாக்கிய கிளப்பிலிருந்து ஜொவான்னா த்ரில்லினி, வாலென்டினா வெஸ்ஸாலி, எலிசா தி ஃபிரான்சிஸ்கா என்று மூன்று பெண்கள் ஒலிம்பிக் தனிநபர் ஃபாயில் தங்கம் வாங்கியிருக்கிறார்கள். 2004 ஏதென்ஸ் இறுதிப்போட்டியில் நின்ற இருவருமே இந்தக் கிளப்தான்: வெஸ்ஸாலியும் த்ரில்லினியும். வெஸ்ஸாலி வென்றார். 2012 லண்டனில் தி ஃபிரான்சிஸ்கா தங்கம் வாங்கினார், வெஸ்ஸாலி வெண்கலம். ஒரே கிளப்பில் வளர்ந்தவர்கள் உலகத்தின் மிகப்பெரிய மேடையில் சந்திக்கும்போது, எதிரே நிற்பவரின் பின்னங்கால் எப்போது நகரும் என்று எத்தனை துல்லியமாகத் தெரிந்திருக்கும் என்று யோசித்துப் பார்ப்பேன். 1952 ஹெல்சிங்கியில் எப்பே தங்கம் எடுவார்டோ மாஞ்சியரோத்திக்கு, வெள்ளி அவருடைய சொந்த அண்ணன் தாரியோவுக்கு. எடுவார்டோ பிறவியில் வலக்கையர். எதிராளிகளைத் திணறடிக்கட்டும் என்று அவர் அப்பாதான் இடக்கையில் பழக்கினார். அவரிடம் அடிவாங்கிய வலக்கையர்களின் கஷ்டம் எனக்குப் புரியும்.

அடி என்றவுடன் ஒன்று. வெளியே இருப்பவர்கள் நினைப்பது போல இது ஆபத்தான விளையாட்டு இல்லை. இல்லாமல் போனதற்குப் பின்னால் ஒரு சாவு இருக்கிறது. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் ஃபாயில் தங்கம் வென்ற விளாதிமிர் ஸ்மிர்னோவ், 1982இல் ரோம் உலகச் சாம்பியன்ஷிப்பில் மேற்கு ஜெர்மனியின் மத்தியாஸ் பேர் என்பவருடன் ஆடிக்கொண்டிருந்தார். எதிராளியின் பிளேடு உடைந்து, உடைந்த முனை மாஸ்க்கின் வலையைத் துளைத்துக்கொண்டு போனது. சில நாட்களில் ஸ்மிர்னோவ் இறந்துபோனார். அதன் பிறகுதான் பிளேடுக்கான எஃகு, உடைக்கான துணி, மாஸ்க்கின் வலை என்று எல்லாவற்றின் தரத்தையும் உயர்த்தினார்கள். இன்று போட்டிக்கு முன் மாஸ்க் வலையை 12 கிலோ விசையுள்ள ஒரு கருவியால் குத்திப் பார்த்த பிறகே உள்ளே விடுகிறார்கள்.

கிளப் பயிற்சியில் அந்தச் சோதனையை யார் செய்வார்? என் நண்பன் செய்வான். ஒரு நாள் என் மாஸ்க்கைக் கையில் வாங்கி, வலையின் நடுப்பகுதியைக் கட்டைவிரலால் அழுத்தினான். வலை உள்வாங்கியது. மறுபடி அழுத்தினான். "இதைப் போட்டுக்கிட்டு என்கூட ஆடாதே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, தன் வாளைப் பைக்குள் வைத்து ஜிப்பை மூடிவிட்டான். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அன்று முழுக்க என்னோடு பிஸ்ட் ஏறவில்லை. கிளப்பின் பழைய மாஸ்க்குகளில் ஒன்றைத் தேடி எடுத்துவந்து, அதையும் அழுத்திப் பார்த்த பிறகுதான் ஆள் இறங்கி வந்தான். அது என் தலைக்குப் பெரிது. ஆடியபடியே சரிந்துகொண்டிருந்தது. அந்த மாலையில் அவன் என்னைத் தொட்ட ஒவ்வொரு தடவையும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. நன்றியெல்லாம் பிறகு வந்த சங்கதி.

அவன் வேலை மாற்றிக்கொண்டு வேறு ஊருக்குப் போவது முடிவானபோது, கேடயம், மாலை, பேச்சு எதுவும் வேண்டாம் என்று கறாராகச் சொல்லிவிட்டான். படம் யோசனை அவனுடையது. ஜூனியர் பையனின் போனில் இருந்தவற்றை இருவரும் உட்கார்ந்து தள்ளிப் பார்த்தோம். பெரும்பாலானவை மங்கல், பாதி தலை, கூரை விளக்கு. தேறியவை இரண்டு. ஒன்றில் அவன் என்னைத் தொடுகிறான். மற்றதில் நான் அவன் தொடையில் குத்தியிருக்கிறேன். அவன் முன்னங்காலைப் பின்னுக்கு இழுக்கப் பார்த்து, நேரம் போதாமல் ஒற்றைக்காலில் நிற்கிறான், பார்க்கவே அழகு. இயல்பாக என்ன செய்வோம்? அவரவர் ஜெயித்த படத்தை அவரவர் வைத்துக்கொள்வோம். அவன் அப்படி விடவில்லை. "அடி வாங்கினவன் வச்சுக்கணும். அடிச்சவன் கையெழுத்துப் போடணும்." விதிப்புத்தகத்தில் இல்லாத விதி. ஆனால் எவ்வளவு நியாயம் பாருங்கள். நான் ஜெயித்த படம் என் சுவரில் இருந்தால் அது என் பெருமை. நான் தோற்ற படம் என் சுவரில் இருந்தால், அதில் இருப்பது அவன்.

அவனுடைய பிரதியில் நான் என்ன எழுதினேன் என்று சொல்லமாட்டேன். அவன் வீட்டுக்கு வருகிறவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

படத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்ள நினைப்பவர்களுக்குக் கொஞ்சம் உருப்படியான சமாச்சாரம். பளபளப்பான பிரின்ட்டில் பால்பாயின்ட் பேனா ஓடாது. அழுத்தினால் தாளில் குழி விழும், மை பிடிக்காது. எண்ணெய் கலந்த பெயின்ட் மார்க்கர் நல்லது. இருண்ட பகுதியில் வெள்ளி அல்லது வெள்ளை, வெளிறிய பகுதியில் கறுப்பு. எழுதியதும் தொடாமல் காயவிட வேண்டும் (நண்பா, உனக்குத்தான்). சட்டத்துக்குள் போடும்போது கண்ணாடி படத்தை நேராகத் தொடக்கூடாது. ஈரப்பதம் ஏறினால் படத்தின் மேல்பூச்சு கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரித்தால் கையெழுத்தும் சேர்ந்து வரும். நடுவில் ஒரு அட்டைச் சட்டம் வைத்தால் போதும். வெயில் படும் சுவர் வேண்டாம், மை வெளுத்துவிடும். லாமினேஷன் வேண்டவே வேண்டாம். ஒருமுறை செய்தால் திரும்ப எடுக்க வழியில்லை. இன்னொன்று, பின்பக்கம் யார், எங்கே, எப்போது என்று மென்மையான பென்சிலால் எழுதி வையுங்கள். முகம் தெரியாத படம் இது. நாளைக்கு எங்கள் பிள்ளைகள் எடுத்துப் பார்த்தால், எந்த மாஸ்க்குக்குள் எந்த ஆள் என்று கையெழுத்து மட்டும் எப்படிச் சொல்லும்? அதனால் பின்னால் ஒரு கோட்டுப்படமே போட்டிருக்கிறேன். இடப்பக்கத்து உருவத்துக்கு அவன் பெயர், வலப்பக்கத்துக்கு என் பெயர். சாக்ஸையும் குறிப்பிட்டிருக்கிறேன்.

இப்போது அவன் வேறு கிளப். போட்டிகளில் எங்களைப் பிரித்துப்போட வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை, முதல் ஆட்டத்திலேயே மோதவிட வேண்டிய அவசியமும் இல்லை. குழுச்சுற்றிலும் வரலாம், பதினைந்து டச் ஆடுகிற நாக்-அவுட்டிலும் வரலாம். வருகிற போட்டிக்கு இருவரும் பெயர் கொடுத்திருக்கிறோம். புது கோச் தன் பழைய பழக்கம் ஒன்றை மாற்றிவிட்டார் என்று நேற்றுப் போனில் சொன்னான். எந்தப் பழக்கம் என்று கேட்டேன். சிரித்துவிட்டு வைத்துவிட்டான். அந்த இரண்டு தட்டாகத்தான் இருக்க வேண்டும். இல்லை, அப்படி நான் நினைக்க வேண்டும் என்றே சொல்லியிருக்கவும் கூடும்.